ரூபியின் ஏசிங்க் எச்டிடிபி: காத்திருக்கும் நேரம் எங்கே போகிறது?

ஒரு ரூபி நிரல் இருபது வெளி சர்வர்களிடம் தகவல் கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு சர்வரும் பதில் தர 300 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. ரூபியோடு வரும் நெட் எச்டிடிபி லைப்ரரியை வைத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் மொத்தம் 6 நொடி. இந்த 6 நொடியில் சிபியு உழைத்தது மிகச் சொற்பம். மீதி நேரமெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து பைட்டுகள் வருமா என்று சும்மா பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

இந்த வெட்டி நேரத்தை மீட்க ரூபிக்காரர்கள் பலர் எடுப்பது ‘ஏசிங்க்’ என்ற ஜெம்மும் (ரூபியில் லைப்ரரிப் பொதிக்கு ஜெம் என்று பெயர்), அதன்மேல் கட்டிய ‘ஏசிங்க் எச்டிடிபி’யும். (தமிழில் ‘அ’ போட்டுத் தொடங்கினால் பொருள் அசிங்கமாகிவிடும், அதனால் ‘ஏ’.) ரூபி மொழியின் மைய மேம்பாட்டாளர்களில் ஒருவரான சாமுவேல் வில்லியம்ஸ் உருவாக்கியவை இவை. இதை மாட்டியதும் நிரல் பறக்கிறது என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர், ஒரு மாற்றமும் இல்லை, போதாக்குறைக்கு நிரல் நடுவில் தொங்கிவிட்டது என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஏன் என்று புரிய அடியிலிருந்து வர வேண்டும்.

## காத்திருக்கும்போது உள்ளே நடப்பது

சாக்கெட்டிலிருந்து, அதாவது நெட்வொர்க் இணைப்பின் நம் பக்க முனையிலிருந்து, படி என்று நிரல் கேட்கிறது. தரவு இன்னும் வரவில்லை என்றால் இயங்குதளம் அந்த த்ரெட்டை (நிரலுக்குள் நடக்கும் ஒரு தனி ஓட்டத்தை) தூங்க வைத்துவிடும். பைட்டுகள் வந்ததும் எழுப்பும். இதைத்தான் பிளாக்கிங் என்கிறோம். ரூபியில் டூ, எண்ட் இரண்டுக்கும் நடுவே எழுதுவதற்கும் பிளாக் என்றே பெயர் இருப்பது படிப்பவர்களைக் குழப்பும். அதனால் இந்தக் கட்டுரையில் அந்த நிரல்துண்டை மட்டும் பிளாக் என்போம். மற்றது காத்திருப்பு.

காத்திருப்புக்குப் பழைய மருந்து த்ரெட். ‘ரூபியில்தான் ஜிவிஎல் இருக்கிறதே, த்ரெட் போட்டு என்ன பயன்?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஜிவிஎல் என்பது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே ரூபி நிரலை ஓட்டலாம் என்று வைத்திருக்கும் பூட்டு. ஆனால் சாக்கெட்டில் காத்திருக்கப் போகும் த்ரெட் அந்தப் பூட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் தூங்கும். ஆகவே நெட்வொர்க் வேலைக்கு ரூபி த்ரெட்கள் நன்றாகவே உதவும். இருபது த்ரெட் போட்டால் மேலே சொன்ன 6 நொடி ஏறக்குறைய 300 மில்லிநொடிக்கு இறங்கிவிடும். உள்ளதைச் சொன்னால், பல நிரல்களுக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

சிக்கல் எண்ணிக்கை கூடும்போதுதான். த்ரெட் ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம் வேண்டும், இயங்குதளம் அதை மேய்க்கவும் வேண்டும். அதனால் வெப் சர்வர்கள் த்ரெட் எண்ணிக்கையைச் சின்னதாகவே வைத்திருக்கும். பூமா சர்வருக்கு நாம் எதுவும் சொல்லாவிட்டால் வழக்கமான ரூபியில் அதிகபட்சம் 5 த்ரெட். இந்த ஐந்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

1. ஒரு கோரிக்கை 50 மில்லிநொடியில் முடிகிறது என்றால், 5 த்ரெட் சேர்ந்து நொடிக்கு 100 கோரிக்கைகளை முடிக்கும்.
2. அதே கோரிக்கை உள்ளுக்குள் இன்னொரு சர்வருக்காக 2 நொடி காத்திருந்தால், நொடிக்கு 2.5.
3. பெரிய மொழி மாதிரி (எல்எல்எம்) ஒன்றிடம் கேள்வி அனுப்பி, அது 20 நொடி எழுதிக்கொண்டே இருந்தால், 4 நொடிக்கு ஒரு கோரிக்கை.

மூன்றாவது நிலையிலும் சிபியு சும்மாதான் இருக்கும். சர்வர் திணறவில்லை, ஆனால் வாசலில் வரிசை நீள்கிறது. பல ஆண்டுகளாக ஓரத்தில் இருந்த ஏசிங்க் பேச்சு செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் வந்தபின் நடுக்கூடத்துக்கு வந்ததற்கு இந்த மூன்றாம் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

## ஃபைபர்: தானாக விலகி வழிவிடும் நிரல்

ஃபைபர் ரூபி 1.9 காலத்திலிருந்தே இருக்கிறது. த்ரெட்டைப் போலவே தனி ஓட்டம்தான். ஆனால் எப்போது நிறுத்தி அடுத்ததை ஓட்டுவது என்பதை இயங்குதளம் முடிவு செய்யாது. ஃபைபர் தானாக விலகினால்தான் இன்னொன்றுக்கு இடம். இதனால் மாறும் செலவு மிகக் குறைவு; ஒரே த்ரெட்டுக்குள் ஆயிரக்கணக்கில் வைத்திருக்கலாம்.

அப்படியானால் இத்தனை காலம் ஏன் பயன்படவில்லை? சாக்கெட்டில் படிக்கும்போது ஃபைபர் விலகவில்லை. மொத்த த்ரெட்டும் தூங்கிவிடும். அதற்குள் இருக்கும் எல்லா ஃபைபரும் சேர்ந்தே தூங்கும். ஈவென்ட்மெஷின் போன்ற லைப்ரரிகள் இதைச் சுற்றிப்போகத் தங்களுக்கென்று தனி சாக்கெட் உலகத்தையே கட்டின. பதில் வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதை கால்பேக்காக எழுதித் தர வேண்டும். மூன்று அடுக்கு கால்பேக் எழுதிப் பிழை தேடியவர்களுக்கு அந்த அனுபவம் மறக்காது.

2020 டிசம்பர் 25 அன்று வெளிவந்த ரூபி 3.0 இதை மொழிக்குள்ளேயே தீர்த்தது. ‘ஃபைபர் ஷெட்யூலர்’ என்ற இணைப்புப் புள்ளியை அது திறந்துவிட்டது. இனி ரூபியே சாக்கெட், ஸ்லீப், மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவரையே உள்ளே விடும் பூட்டு) போன்றவற்றில் காத்திருக்க நேர்ந்தால், ஷெட்யூலர் ஒன்று அமர்த்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதனிடம் ஒப்படைக்கும். இணைப்புப் புள்ளியைத்தான் ரூபி தந்தது, ஷெட்யூலரைத் தரவில்லை; அந்த இடத்தை நிரப்புவது ஏசிங்க் ஜெம்.

ஒரே ஒரு படிப்பை நெருங்கிப் பார்ப்போம். லினக்ஸில், தனி ஃபைபரில் ஓடும் ஒரு ஏசிங்க் பணி சாக்கெட்டிலிருந்து படிக்க முயல்கிறது. இயங்குதளத்தின் மையமான கர்னல் ‘இப்போது ஒன்றும் இல்லை’ என்று உடனே திருப்பி அனுப்புகிறது. ஷெட்யூலர் இந்த சாக்கெட்டின் எண்ணையும் இந்த ஃபைபரையும் சேர்த்துக் குறித்துவைத்துக்கொண்டு, ஃபைபரை அந்த வரியிலேயே நிறுத்துகிறது. ஓடத் தயாராக வேறு ஃபைபர் இருந்தால் அது ஓடும். யாரும் தயாராக இல்லையென்றால் ஷெட்யூலர் ஈபோல் போன்ற லினக்ஸ் வசதி மூலம் கர்னலிடம் எல்லா சாக்கெட்டுகளையும் ஒன்றாகக் காட்டி, எதிலாவது தரவு வந்தால் சொல் என்று கேட்டுவிட்டு உறங்கும். தரவு வந்த சாக்கெட்டின் ஃபைபர் விட்ட வரியிலிருந்தே தொடரும். நிரலை எழுதியவருக்கு அது ஒரு சாதாரண படிப்பு வரி. நடுவில் நூறு வேறு வேலைகள் நடந்ததற்கான தடயமே அதில் தெரியாது.

ஜாவாஸ்கிரிப்டிலும் பைத்தானிலும் இருக்கும் ‘அவெய்ட்’ என்ற சொல் இங்கே இல்லை. பழைய மெத்தட்களை ஒன்றும் செய்யாமல் அப்படியே கூப்பிடலாம். இது ரூபியின் பெரிய வசதி. இதே வசதிதான் பின்னால் வரும் தொல்லைகளுக்கும் வேர்: எந்த வரியில் ஃபைபர் விலகும், எதில் விலகாது என்று நிரலைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

## அப்படியென்றால் நெட் எச்டிடிபியே போதாதா?

நியாயமான கேள்வி. ஏசிங்க் பிளாக்குக்குள் இருபது பணிகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் நெட் எச்டிடிபியைக் கூப்பிட்டாலும் 6 நொடி 300 மில்லிநொடிக்கு அருகே இறங்கும். ஷெட்யூலர் மொழிக்கு அடியில் இருப்பதால் அது யார் எழுதிய லைப்ரரி என்று பார்ப்பதில்லை.

ஏசிங்க் எச்டிடிபி அதற்கு மேல் தருவது கனெக்‌ஷன் மேலாண்மை. ஒரே சர்வருக்குத் திரும்பத் திரும்பப் போகும் கோரிக்கைகள் திறந்திருக்கும் கனெக்‌ஷனையே பயன்படுத்தும். டிஎல்எஸ் கைகுலுக்கலுக்கு (மறையாக்கத்தைத் தொடங்கும் முன்பேச்சுக்கு) ஒவ்வொரு முறையும் நேரம் போகாது. எச்டிடிபிஎஸ் முகவரி என்றால் அந்தக் கைகுலுக்கலின்போதே எச்டிடிபி/2 பேசலாமா என்று சர்வரிடம் கேட்டுக்கொள்ளும். எச்டிடிபி/2 என்பது 2015-இல் தரமாக்கப்பட்ட வடிவம். ஒரே கனெக்‌ஷனுக்குள் பல கோரிக்கைகளைக் கலந்து அனுப்பலாம். பழைய 1.1-இல் ஒரு பதில் முடியாமல் அடுத்த பதில் வராது. எச்டிடிபி/2-இல் ஒரு குறையும் உண்டு: எல்லாம் ஒரே டிசிபி கனெக்‌ஷனில் போவதால், ஒரு பாக்கெட் தொலைந்தால் அது மறுபடி வரும்வரை எல்லாக் கோரிக்கைகளும் நிற்கும்.

கெட் (ஒரு முகவரியைப் படிக்கக் கேட்பது) போலத் திரும்ப அனுப்பினாலும் கெடுதல் வராத கோரிக்கைகளை, கனெக்‌ஷன் அறுந்தால் அதுவே மறுபடி முயலும். ‘வேறு முகவரிக்குப் போ’ என்று சர்வர் சொல்லும் ரீடைரெக்டைத் தானாகப் பின்தொடராது. அதற்கு நடுவில் செருகும் துண்டாக (மிடில்வேர்) தனியே ஒன்று இருக்கிறது, நாம்தான் சேர்க்க வேண்டும். ரீடைரெக்டைக் குறிக்கும் 302 வந்து நிற்பதைப் பார்த்து லைப்ரரி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

## கிளையன்ட் எழுதும்போது

எளிய வழி, ‘இன்டர்நெட்’ என்ற வகுப்பு. முழு முகவரியைத் தந்தால் எந்த சர்வர், எந்த போர்ட் என்று பிரித்துக்கொண்டு, சர்வருக்கு ஒரு கிளையன்ட் என்று உள்ளே வைத்துக்கொள்ளும். ஒரே சர்வரோடு மட்டும் பேச வேண்டுமென்றால் அதன் முகவரியைச் சொல்லும் ‘எண்ட்பாயின்ட்’ ஒன்றை உருவாக்கி நேரடியாகக் ‘கிளையன்ட்’ வகுப்பிடம் தரலாம்.

புதியவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் ‘ஏசிங்க்’ என்ற சொல்லே. அதற்கு இடத்தைப் பொறுத்து இரண்டு நடத்தை:

1. வெளியே, அதாவது ஈவென்ட் லூப் (ஃபைபர்களை மாற்றி மாற்றி ஓட்டும் சுழற்சி) எதுவும் ஓடாத இடத்தில் கூப்பிட்டால், அது லூப்பைத் தொடங்கி, உள்ளே இருக்கும் பணிகள் எல்லாம் முடியும்வரை அந்த வரியிலேயே நிற்கும்.
2. ஏற்கெனவே ஓடும் லூப்புக்குள் கூப்பிட்டால், ஒரு கிளைப் பணியைத் தொடங்கிவிட்டு உடனே அடுத்த வரிக்குப் போகும். அந்தப் பணி முதல் காத்திருப்பு வரை உடனடியாக ஓடிவிடும். அப்புறம்தான் கட்டுப்பாடு நம்மிடம் திரும்பும்.

‘எல்லாவற்றையும் ஏசிங்க் பிளாக்குக்குள் போட்டேன், ஆனாலும் 6 நொடிதான்’ என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வெளி பிளாக் ஒன்றை மட்டும் போட்டு, உள்ளே பழையபடி இருபது கோரிக்கைகளை வரிசையாக எழுதியிருப்பார்கள். ஒரே பணி, ஒரே ஃபைபர். அது விலகும்போது ஓட வேறு யாருமே இல்லை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் உள்ளே தனி ஏசிங்க் பிளாக் வேண்டும்.

பணிகள் எல்லாம் முடியும்வரை காத்திருக்க ‘பேரியர்’, ஒரே நேரத்தில் இத்தனைதான் என்று கட்டுப்படுத்த ‘செமஃபோர்’. இரண்டாவதைச் சேர்க்காமல் ஐயாயிரம் முகவரிகளை அப்படியே அவிழ்த்துவிட்டால் எதிர் சர்வர் நம்மைத் தாக்குதல்காரர் என்று நினைத்துக் கதவைச் சாத்தும். சாத்துவதில் தவறும் இல்லை. நேரக்கெடுவையும் நாமே வெளிப்படையாக வைத்துவிடுவது நல்லது. ‘வித் டைம்அவுட்’ என்று பணிக்கு நொடிக்கணக்கைத் தந்தால் போதும். நெட் எச்டிடிபியில் இயல்பாக இருக்கும் 60 நொடி வரம்பை நம்பிப் பழகியவர்கள் இதை எளிதில் மறந்துவிடுவார்கள்.

## பதிலைப் படிக்காமல் விட்டால்

நிரல் நடுவில் தொங்கிவிட்டது என்றவரின் கதை இங்கேதான் இருக்கிறது.

நெட் எச்டிடிபியின் சாதாரண கெட், பதிலை முழுதாகப் படித்து நினைவகத்தில் வைத்துவிட்டுத்தான் நம்மிடம் தரும். ஏசிங்க் எச்டிடிபி அப்படி இல்லை. ஹெடர்கள் வந்தவுடனே பதில் நம் கைக்கு வந்துவிடும். பாடி இன்னும் கம்பியில்தான் இருக்கும். ‘ரீட்’ என்று கேட்டால் முழுதாகப் படிக்கும், ‘ஈச்’ என்றால் துண்டுதுண்டாகத் தரும், ‘க்ளோஸ்’ என்றால் மிச்சம் வேண்டாம் என்று மூடும். இந்த மூன்றில் ஒன்றைச் செய்யாதவரை அந்தப் பதில் முடியவில்லை, முடியாதவரை எச்டிடிபி/1.1 கனெக்‌ஷன் மறுபடி பயன்பட வழியில்லை.

இப்போது இந்த நிரலைப் பாருங்கள்: நூறு முகவரிகளுக்கு கெட் அனுப்புகிறது, ஸ்டேட்டஸ் 200 என்றால் பாடியைப் படிக்கிறது, இல்லையென்றால் ‘தவறு’ என்று பதிவு செய்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் 404 பதிலுக்கும் பாடி உண்டு. அதை யாரும் படிக்கவில்லை, மூடவுமில்லை. கனெக்‌ஷன் எண்ணிக்கைக்கு நான்கு என்று எல்லை வைத்திருந்தால், ஒரே சர்வரிடமிருந்து நான்காவது 404 வந்ததும் நான்கு கனெக்‌ஷனும் பிடிபட்டுவிடும். ஐந்தாவது கோரிக்கை, ஏதாவது ஒன்று விடுபடும் என்று காத்திருக்கும். விடுவிக்க யாரும் இல்லை. பிழைச் செய்தி வராது, சிபியு சும்மா இருக்கும், லாகில் கடைசி வரி ‘தவறு’. எல்லை வைக்காவிட்டால் இதே கோளாறு வேறு முகத்தோடு வரும்: சாக்கெட்டுகள் ஏறிக்கொண்டே போய், ஒருநாள் ‘டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்’ என்று விழும். சோதனையில் எல்லாமே 200 வருவதால் இது அங்கே பிடிபடவே பிடிபடாது.

தீர்வு சின்னது. பதிலைப் பெறும் இடத்திலேயே ‘என்ஷ்யூர்’ பகுதியில் மூடிவிட வேண்டும். வழியில் எந்த விதிவிலக்கு (எக்செப்ஷன்) எழுந்தாலும் அது மூடும்.

## சர்வர் பக்கம்

ஏசிங்க் எச்டிடிபியின் சர்வர் வகுப்பு மிகச் சிறியது. எண்ட்பாயின்ட் ஒன்றும் ஒரு பிளாக்கும் தர வேண்டும். பிளாக்குக்குக் கோரிக்கை வரும், அது பதிலைத் திருப்பித் தரும். சோதனைக்கும் சிறு உள்வேலைகளுக்கும் இது அருமை. ரேக் (ரூபி வெப் சர்வருக்கும் பயன்பாட்டுக்கும் இடையிலான பொது இடைமுகம்) அடிப்படையிலான பயன்பாடுகளுக்கு, இதே அடித்தளத்தில் கட்டிய ஃபால்கன் சர்வர் இருக்கிறது. கோர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பல ப்ராசஸ்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஈவென்ட் லூப், கோரிக்கைக்கு ஒரு ஃபைபர் என்பது அதன் ஏற்பாடு.

முன்பு போட்ட கணக்கை இங்கே மறுபடி ஓட்டினால், 20 நொடி காத்திருக்கும் கோரிக்கை 20 நொடிக்கு ஒரு ஃபைபரை மட்டும்தான் பிடித்து வைத்திருக்கும். ஐந்து என்ற உச்சவரம்பு மறைகிறது. மெதுவான இணைப்பில் துளித்துளியாகப் பதிலை வாங்கும் பயனருக்கும் இதே கதைதான். மொழி மாதிரியிடமிருந்து வரும் சொற்களை வரவர உலாவிக்குத் தள்ளுவது போன்ற வேலைக்கு இது பொருந்துவது தற்செயல் அல்ல. துண்டுதுண்டாகப் படிப்பதும் துண்டுதுண்டாக எழுதுவதும் இந்த லைப்ரரியின் இயல்பு.

ஆனால் ரூபியின் வெப் ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸில் எழுதிய பயன்பாட்டை ஃபால்கனுக்கு மாற்றினால் நெரிசல் தரவுத்தளத்துக்கு இடம் மாறும். ரெயில்ஸின் தரவுத்தள லைப்ரரியான ஆக்டிவ் ரெக்கார்டின் பூலில் (பகிர்ந்துகொள்ளும் தொகுப்பில்) இயல்பாக 5 கனெக்‌ஷன்தான். இருநூறு ஃபைபர்கள் ஒரே நேரத்தில் கேட்டால் ஐந்துக்குக் கிடைக்கும். மற்றவை காத்திருந்து, 5 நொடிக்குள் கிடைக்காதவை பிழையோடு விழும். ரெயில்ஸ் 7.0-இல் வந்த ஐசொலேஷன் லெவல் அமைப்பை ‘ஃபைபர்’ என்று மாற்றாவிட்டால் ஒரே த்ரெட்டின் ஃபைபர்கள் தங்களுக்குள் நிலையைக் குழப்பிக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

## விலகாத வரிகளும் விலகும் வரிகளும்

சிபியு வேலை எதுவும் விலகாது. பெரிய ஜேசனைப் பிரிப்பது, பட அளவை மாற்றுவது, பிகிரிப்ட்டில் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது: இவை ஓடும்வரை அந்த லூப்பில் இருக்கும் அத்தனை கோரிக்கைகளும் நிற்கும். த்ரெட் சர்வரில் ஒரு கனமான கோரிக்கை வந்தால் ரூபி அதை அவ்வப்போது இடைநிறுத்தி மற்ற த்ரெட்களுக்கு வழிவிடும். ஃபைபரில் அந்தச் சலுகை இல்லை. சி மொழியில் எழுதிய ஜெம்கள் ரூபியின் காத்திருப்பு வழியைத் தாண்டி நேரடியாகக் கர்னலோடு பேசினால், அவையும் இதே வகைதான். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கான பிஜி ஜெம் 1.3 பதிப்பிலிருந்து ஷெட்யூலரோடு ஒத்துப்போகிறது. எஸ்க்யூலைட் தரவுத்தளம் கோப்பைத்தான் படிக்கிறது; அது விலகுவதற்கு இடமே இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு: விலகாது என்று நாம் நினைக்கும் இடத்தில் விலகுவது. அணுகல் டோக்கன் காலாவதியாகிவிட்டதா என்று பார்த்து, ஆகியிருந்தால் புதுப்பிக்கும் ஒரு மெத்தட்டை எடுத்துக்கொள்வோம். முதல் பணி பார்க்கிறது, காலாவதி. புதுப்பிக்கக் கோரிக்கை அனுப்புகிறது, விலகுகிறது. இரண்டாம் பணி பார்க்கிறது, டோக்கன் இன்னும் பழையதுதான். அதுவும் அனுப்புகிறது. இருபது பணிகளும் இருபது முறை புதுப்பிக்கும். புது டோக்கன் வந்ததும் பழையதை ரத்து செய்யும் சேவையாக இருந்தால், கடைசியாக வந்தது தவிர மற்ற பத்தொன்பதும் செல்லாக் காசு. ஒரே த்ரெட் என்பதால் போட்டி நிலை வராது என்று நம்பினால் இப்படித்தான் ஆகும். மியூடெக்ஸ் போட்டால் தீரும். ரூபி 3.0 முதல் மியூடெக்ஸ் ஃபைபருக்கு ஒன்றாகப் பூட்டுவதால் அது இங்கே சரியாகவே வேலை செய்யும். பூட்டுக்குள் நுழைந்தபின் டோக்கனை இன்னொரு முறை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

‘த்ரெட் கரன்ட்’டில் சதுர அடைப்புக்குறி போட்டு வைக்கும் மதிப்பு, பெயருக்கு மாறாக ஃபைபருக்குத்தான் சொந்தம். வெளியே வைத்த பயனர் அடையாளம் ஏசிங்க் பணிக்குள் காணாமல் போவதற்கு இதுதான் காரணம். ரூபி 3.2-இல் வந்த ஃபைபர் ஸ்டோரேஜ் கிளை ஃபைபர்களுக்கும் இறங்கும். அப்புறம், எல்லா விதிவிலக்கையும் பிடிக்கும் ‘ரெஸ்க்யூ எக்செப்ஷன்’ எழுதும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பணியை நிறுத்த ஏசிங்க் அனுப்பும் சைகையும் ஒரு விதிவிலக்கு. அதையும் பிடித்து விழுங்கினால் நிறுத்தச் சொன்ன பணி நிற்காது.

## நம் நிரலுக்குப் பயன்படுமா என்று பார்ப்பது

மாற்றி எழுதுவதற்கு முன்பே இதை அளந்துவிடலாம். ரூபியின் ‘க்ளாக் கெட்டைம்’ மெத்தட் இரண்டு கடிகாரங்களைத் தரும்: சுவரில் ஓடும் நேரத்துக்கு மோனோடானிக், இந்த ப்ராசஸ் சிபியுவில் உண்மையாகச் செலவிட்ட நேரத்துக்கு ப்ராசஸ் சிபியுடைம். சந்தேகப்படும் பகுதியின் முன்னும் பின்னும் இரண்டையும் எடுத்துக் கழித்துப் பாருங்கள். 6 நொடி ஓடி, சிபியு 0.1 நொடிதான் என்றால், மீதி 5.9 நொடியில் பெரும்பகுதியை ஏசிங்க் மீட்டுத்தர முடியும். 6 நொடி ஓடி, சிபியு 5 நொடி என்றால் அதிகபட்சம் ஒரு நொடி மிச்சமாகும். அந்தப் பகுதிக்குத் தேவை இன்னும் சில ப்ராசஸ்கள், அல்லது அந்த 5 நொடியைத் தின்னும் வரியைக் கண்டுபிடிப்பது.